முதல் சாம்பிள்

"பார்த்து மன்னி, வில்லையில விரல் பட்டுடப் போறது!" சேஷகிரி பதறினார்.

"எனக்கே பாடமா? இத்தனை வருஷம் இந்தக் குழாயைக் காப்பாத்தினது யாராம்?" என்று சிரித்தபடி ருக்மிணி பெட்டியைத் திறந்தாள்.

கைக்கு அடக்கமான கண்ணாடிக் குழாய். இரு முனையிலும் உப்பு வில்லைகள், நடுவில் ஒரு திருகு. ஈர விரல் பட்டாலே கரைந்துவிடும் வில்லைகள் அவை. பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் சேஷகிரி அதை வாங்கிக்கொண்டார்.

கல்லூரி ஆய்வகத்தில், பொருள்களை ஒளியால் அடையாளம் காணும் பழைய மெஷினுக்கு முன்னால் நடந்த பெங்களூர் அகச்சிவப்பு நிறமாலைச் சங்கத்தின் கடைசிக் கூட்டம் அது. வந்திருந்தவர்கள் செயலாளர் சேஷகிரி, பொருளாளர் ஓஸ்வால்ட், மறைந்த தலைவர் ஜெயராமனின் மனைவி ருக்மிணி, துணைக்கு வந்த மகள் ஸ்ரீவித்யா. அவ்வளவுதான். ஒரு காலத்தில் பக்கத்து வகுப்பறையிலிருந்து நாற்காலி கடன் வாங்கிய சங்கம்! இப்போது கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் பொருளின் பெயரையே அது சொல்லிவிடுகிறது. திங்கட்கிழமை பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடப்போவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"என்ன நாள் மேன் அதெல்லாம்!" என்றார் ஓஸ்வால்ட். "மாசம் ஒரு சனிக்கிழமை. ஒருத்தன் பேர் சொல்லாம ஏதோ ஒரு பவுடர் கொண்டு வருவான். மெஷின்ல வச்சு லைட்டை விட்டா பேனா மேடும் பள்ளமுமா கோடு போடும். கோட்டைப் பார்த்து என்ன பவுடர்னு சொல்லணும். தோத்தவன் எல்லாருக்கும் மசால் தோசை வாங்கித் தரணும்."

"நீதான் நிறைய வாங்கிக் குடுத்திருக்கே" என்றார் சேஷகிரி. "ஞாபகம் இருக்கா? பிரசிடெண்ட் ஒரு தரம் மன்னியோட ரசப்பொடியைக் கொண்டுவந்தார். நீ பூச்சி மருந்துன்னு எழுதினே."

"அதை ஆத்துல வந்து வேற சொல்லிச் சிரிச்சார்" என்றாள் ருக்மிணி. "ஒரு வாரம் நான் ரசமே வைக்கலை."

நால்வரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அறை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய தாளைக் கழற்றி, சேஷகிரி மேஜைமேல் வைத்தார். சங்கம் தொடங்கிய நாளில் மெஷின் போட்ட முதல் கோடு. அன்றைக்கு ஒருவரும் சாம்பிள் கொண்டுவரவில்லை. 'சாம்பிள் இல்லேன்னா என்ன, நான் இருக்கேனே' என்று ஜெயராமன் இந்தக் குழாய்க்குள் ஊதித் திருகை மூடினார். அதன்பிறகு அந்தத் திருகை அவர் யாரையும் திறக்க விட்டதில்லை. குழாய் அவர் வீட்டு ஷோகேஸிலேயே இருந்தது. அவர் போய் ஐந்து வருஷமாகிறது.

மெஷின் போடும் கடைசிக் கோடும் அவருடைய மூச்சாகவே இருக்க வேண்டும் என்பது சேஷகிரியின் ஆசை. போன வாரம் போன் செய்து ருக்மிணியிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார்.

"ரொம்ப நம்பாதே மேன்" என்று ஓஸ்வால்ட் தணிந்த குரலில் சொன்னார். "எல்லாம் லீக் ஆகிப் போயிருக்கும். காலியா இருந்தா கோடு சும்மா நேரா போகும். நீ தாங்க மாட்டே."

"போகாது. அவர் அப்படியெல்லாம் போகமாட்டார்." சொன்னாரே தவிர, குழாயைப் பொருத்துமுன் திருகை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மெஷின் உறுமியது. பேனா நகர்ந்தது. கோடு ஏறக்குறைய நேராகவே போனது. ருக்மிணி உட்காரவே இல்லை. புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு பேனாவையே பார்த்தாள். ஓஸ்வால்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சட்டென்று பேனா சரிந்து தாளின் அடிவரை போய், மறுபடி மேலே ஏறியது.

"கார்பன் டை ஆக்சைடு!" சேஷகிரி கத்தினார். "ஓஸ்வால்ட், பாருடா!"

ஓஸ்வால்ட் பழைய தாளை எடுத்துப் புதிய தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "அதே இடம். அதே பள்ளம். இம்மி பிசகலை மேன். நம்ம பிரசிடெண்டே தான்!"

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சங்கம் மூடுகிறதே என்ற துக்கம்கூட அந்த நிமிஷம் அவர்களுக்கு இல்லை. ருக்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் குழாய் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"ஐயோ மன்னி! இது உங்க சொத்து."

"சங்கத்தோட முதல் சாம்பிள். செயலாளர்கிட்ட இருக்கறதுதான் நியாயம்."

சேஷகிரி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் மல்லேஸ்வரத்துக்குப் பேசி ஏறி உட்கார்ந்ததும் ஸ்ரீவித்யா வெடித்தாள்.

"ஏம்மா, அப்பாவோட மூச்சு! அதைப் போய்த் தூக்கிக் குடுத்துட்டு வரியே, உனக்கே நன்னாயிருக்கா?"

"அது அப்பாவோடது இல்லடி. நேத்து சாயங்காலம் நான் ஊதி அடைச்சது. யார் ஊதினாலும் அந்த மெஷினுக்கு ஒண்ணுதான். காலின்னு தெரிஞ்சா சேஷகிரி உடைஞ்சு போயிடுவார்."

ஸ்ரீவித்யா அம்மா பக்கம் திரும்பினாள். "அப்போ அப்பாவோடது லீக் ஆயிடுத்தா?"

ருக்மிணி தலையசைத்து மறுத்தாள்.

"அவர் போன அன்னிக்கு நீங்கள்லாம் கூடத்துல அழுதுண்டிருந்தேள். நான் உள்ளே போய்த் திருகைத் திறந்து, வாயை வச்சு அத்தனையும் உள்ளே இழுத்துண்டுட்டேன்."