ஒரே கதவு எண்

கதவு எண் பதினாலில் மட்டும் பதினோரு பிள்ளைகள்.

ஆரம்பப் பள்ளியின் சேர்க்கைப் பட்டியலைச் சரிபார்க்க வந்த அதிகாரி, அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா வேறு, அம்மா வேறு. வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்தில் நாலு மொழிகள். விலாசம் மட்டும் ஒன்று.

"இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்றார்.

தலைமையாசிரியை பட்டியலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பட்டியலில் இருப்பது அவர் கையெழுத்து. பள்ளியில் மொத்தமே நாற்பத்து மூன்று பிள்ளைகள். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் இழுத்து மூடிவிடுவார்கள்.

பொய்க் கணக்கோ என்று அதிகாரி இழுக்க, அவர் பதறிப்போய்ப் பதினோரு பேரையும் வரவழைத்து வரிசையாக நிறுத்தினார். எல்லாரும் முழுசாக இருந்தார்கள். ஒருத்திக்கு முன்பல் இல்லை, அவ்வளவுதான்.

"பிள்ளைங்க நிஜம். அப்போ விலாசம்தான் பொய்" என்றார் அதிகாரி.

இருவரும் கிளார்க் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். படிவங்களை வாங்கிப் பதிவது அவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் கறார் அக்கா. போட்டோ கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தால்கூடப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இதில் கோட்டை விட்டது எப்படி? எங்கேயாவது கை நீட்டிக் காசு வாங்கிவிட்டாரோ என்றுகூடத் தலைமையாசிரியைக்குத் தோன்றியது.

"பொய் இல்ல சார். வேணும்னா வந்து பாருங்க" என்று கறார் அக்கா எழுந்தார்.

மூவரும் நடந்தார்கள். இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன வீடு. பூட்டியிருந்தது.

கறார் அக்கா தன் கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. ஒரே ஒரு கட்டில். கதவிடுக்கு வழியாகத் தபால்காரர் போட்டுப்போன பள்ளிக்கூடக் கடிதங்கள் தரையில் கிடந்தன. பதினொன்று.

"பக்கத்துல கட்டட வேலை செய்யறவங்களோட பிள்ளைங்க சார். தகரக் கொட்டகைக்கு ஏது கதவு எண்? விலாசம் இல்லாம சேர்க்கக் கூடாதுன்னு விதி. அதான் என் விலாசத்தைக் குடுத்தேன். லெட்டர் வந்தா சாயங்காலம் நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

தலைமையாசிரியை தலை குனிந்துகொண்டார். சற்று முன் நினைத்த நினைப்பு அவரைச் சுட்டது.

"பேரை அடிச்சுட்டா இவங்க எங்க போவாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்கயும் போக மாட்டாங்க சார். செங்கல் குவியல்ல உக்காந்திருப்பாங்க."

அதிகாரி ஒற்றைக் கட்டிலைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, நின்றபடியே குறிப்புக் கட்டத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை எட்டிப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

'விலாசத்தை நேரில் பார்த்தேன். பதினோரு பிள்ளைகளுக்கும் இங்கே தாராளமாக இடம் இருக்கிறது.'