அட்ரஸ் கேட்காத பேட்டரி

"அட்ரஸ் கேக்காத பேட்டரி ஒண்ணு குடுங்க, பாய்."

கடையில் இப்படிக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டால் நாம் கால்வாய்க்கரை ஆட்கள் என்று தெரிந்துவிடுமாம். தெரியட்டும்.

கபூர் பாய் லித்தியம் பேட்டரியைத்தான் நீட்டினார். "மொத ரோபோவுக்கு இதான்மா சரி. வெயிட்டே இல்ல, வண்டி பறக்கும். வீட்டு அட்ரஸைச் சொல்லு, பதிஞ்சிரலாம்."

"எங்க தெருவுக்கு அட்ரஸ் கிடையாது."

"ஃப்ரெண்டு அட்ரஸைக் குடு, அங்க வெச்சு ஓட்டிக்க. எல்லாரும் அதத்தான செய்றாங்க?"

நானும் அதைத்தான் செய்தேன். போன மாதம் தோழி ஷெரினின் முகவரியைக் கொடுத்து ஒன்று வாங்கினேன். அவள் வீட்டு ஹாலில் என் ரோபோ சுற்றிச் சுற்றி வந்தது. எங்கள் வீட்டில் இறக்கியதும், பதிந்த வீடு இது இல்லை என்று பேட்டரி அணைந்துவிட்டது. எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர் செய்த முதல் பொருளை அம்மா வீடியோவில்தான் பார்த்தாள்.

"அந்தப் பென்சில் செல்லுல ஆறு எடுங்க."

"அது சுவர்க் கடிகாரத்துக்கு வெச்சதும்மா. உன் மோட்டாருக்குப் பத்தாது, ஆமை மாதிரி ஊரும்."

"ஊரட்டும்."

"படிச்ச புள்ள இப்படியா செலக்ட் பண்ணுவ? அரை மணி நேரம்கூட வராது."

"லித்தியம் எங்க வீட்டுல அரை நிமிஷம்கூட வரல, பாய்."

செல்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

"நாளைக்கே திரும்பி வருவ பாரு!" என்று கத்தினார்.

"வருவேன் பாய், இன்னும் ஆறு வாங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.