வாசலில் சுடுதண்ணி

தொண்டூரில் சாவு என்று சொல்லிப் போய்த் திரும்பிய ஆனந்தராஜ், வாசலிலேயே குளித்துவிட்டு ஈரத்தலையோடு டிவி முன்னால் உட்கார்ந்தான். பெண்டாட்டியை ஏய்க்கும் புருஷன்மாரின் காமெடி சீரியல் அது.

“எவனோ நம்ம மனசுக்குள்ள பூந்து எழுதறான்டி!” என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

மனைவி ஜெயசுதா துண்டை நீட்டினாள்.

டிவியில் கள்ளக்காதலி வீட்டிலிருந்து திரும்பிய புருஷன், வாசலில் நின்று கத்தினான். “சாவுக்குப் போயிட்டு வர்றேன். குளிச்சாதான் உள்ள வர முடியும். சுடுதண்ணி எடுத்தா!”

ஆனந்தராஜின் சிரிப்பு நின்றது. இந்தத் தந்திரத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லையே!

“யாருடி இத எழுதறது?”

“நான்தான். ஆம்பள பேர்ல, செல்லுலயே எழுதி அனுப்பறேன்” என்றாள் ஜெயசுதா. “வாராவாரம் சுடுதண்ணி வெச்சவளுக்குத் தெரியாதா? இத்தினி சாவு சாவறதுக்கு, தொண்டூர்ல ஏதுங்க அத்தினி ஜனம்?”