படியில் இருந்த வாளி

"மம்மா, எழும்புங்கோ! வெளியிலை எல்லாம் வெள்ளை!"

பத்து வயது மரியா உலுப்பிய உலுப்பலில் புனிதமலர் துள்ளி எழுந்தாள். மணி ஆறு.

"ஐயோ, ஆலங்கட்டியோ? படி? படியைப் பார்த்தியா?"

காய்ச்சலுக்குப் போட்ட குளிசை அவளை அடித்துப் போட்டிருந்தது. இடி இடித்ததும் தெரியாது, கட்டி கொட்டியதும் தெரியாது.

இத்தாலியின் பலேர்மோவில் பனி எங்கே கொட்டுகிறது? குளிர்காலத்தில் இப்படி ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் உண்டு. பத்து நிமிடம் போதும், வெளிப்படியெல்லாம் உப்பைக் குவித்த மாதிரி ஆகிவிடும். போன வருஷம் அதில் சறுக்கித் தபால்காரர் கையை முறித்துக்கொண்டார். வீட்டுக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"வெளிப்படி மேல்வீட்டிலை இருக்கிற உங்கடை பொறுப்பு. இன்னொரு தரம் இப்பிடி நடந்தால் வேறை வீடு பாருங்கோ."

வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகப் பக்கமே போக முடியாது. புருஷன் ஜோக்கிமுக்கு நாப்போலிக் கப்பலில் சமையலறை வேலை. நாளைக்குத்தான் வருவான்.

மரியா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"படியிலை ஒண்டும் இல்லை, மம்மா. ஆரோ அள்ளிப்போட்டினம். கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா நிண்டு ஃபோட்டோ எடுக்கிறா."



கீழ்வீட்டுக் கத்தரீனாவுக்கு எழுபத்தாறு வயது. தனி மனுஷி. முகம் பார்த்து ஒரு சொல் கதைத்தது கிடையாது. மேலே இரண்டு எட்டு நடந்தால் போதும், கீழேயிருந்து தும்புத்தடியால் சீலிங்கில் 'டொக் டொக்' என்று இடிப்பாள். அதற்குப் பயந்தே தாயும் மகளும் வீட்டுக்குள் பூனை மாதிரி நடப்பார்கள்.

"மம்மா, எங்கடை வாளியும் படியிலை இருக்கு. உங்கடை மஞ்சள் கையுறையும்."

"அதை நான் எங்கடை கதவடியிலை எல்லோ வைச்சனான்!"

"அதையும் சேர்த்துத்தான் ஃபோட்டோ எடுக்கிறா."

புனிதமலருக்கு விளங்கிவிட்டது. கிழவி தானே ஐஸை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். 'இவையின்ரை வாளி சும்மா கிடக்கு, ஆக்கள் மேலை நித்திரை, இந்த வயசிலை நான் அள்ளுறன்' என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பப் போகிறாள்.

"சாந்த ரொசாலியாவே, இந்த ஒருமுறை காப்பாத்தும்."

"சாந்த ரொசாலியாவுக்கும் வாட்ஸப் இருக்கோ, மம்மா?"

"வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கு வெளிக்கிடு!"

புனிதமலர் படியால் இறங்கியபோது கத்தரீனாவின் கதவு சாத்தியிருந்தது. தட்டிக் கேட்கத் துணிவு வரவில்லை. வாளியையும் கையுறையையும் எடுத்து ஓரமாய் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவளுடைய வேலையும் படி துடைப்பதுதான். ஆறு மாடிக் கட்டடம். ஒவ்வொரு படியாகத் துடைக்கத் துடைக்க ஒரே நினைவுதான் குத்தியது: ஆர் ஆற்றையோ படியெல்லாம் துடைக்கிற எனக்கு என்ரை வீட்டுப் படியைத் துடைக்க முடியாமல் போச்சே!

நாலாம் மாடியில் நிற்கும்போது ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர்.

"சிஞ்ஞோரா புனிதா, கத்தரீனா ஃபோட்டோ அனுப்பியிருக்கிறா."

"சிஞ்ஞோரே... எனக்குக் காய்ச்சல்... அதுதான்..."

"காய்ச்சலோடையோ? அஞ்சரை மணிக்கே நிண்டு தனிய அள்ளினீங்களாம். வேலைக்கு ஓடின அவசரத்திலை வாளியையும் கையுறையையும் படியிலையே விட்டிட்டுப் போட்டீங்களாம். இப்பிடி ஆக்களை நான் ஏன் விடப்போறன்? சனிக்கிழமை கையெழுத்துப் போட வாங்கோ."

'நான் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

பின்னேரம் ஒரு பை சியாகுல்லி ஊர் மந்தரின் தோடம்பழத்தோடு புனிதமலர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். கத்தரீனா கதவைத் திறந்தாள். வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

"உன்ரை கையுறை என்ரை கைக்குக் கொள்ளேல்லை," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"சிஞ்ஞோரா, அள்ளினது நீங்கள். ஏன் நான் எண்டு சொன்னீங்கள்?"

"சொல்லாட்டி வீட்டுக்காரன் உங்களை வீட்டாலை எழுப்பிப் போடுவான். நீங்கள் வர முந்தி அந்த வீடு எட்டு மாசம் பூட்டிக் கிடந்தது."

"நாங்கள் போனால் உங்களுக்கு நிம்மதி எண்டெல்லோ நான் நினைச்சன்? நாங்கள் நடந்தாலே இடிக்கிறீங்கள்..."

கத்தரீனா பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். அதை உரித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நான் இடிச்ச உடனை நீங்கள் நடக்கிறதை நிப்பாட்டுறீங்கள். கீழை ஒருத்தி உயிரோடை இருக்கிறாள் எண்டு மேலை ஆருக்கோ தெரியுது எண்டு எனக்கு அப்பதான் தெரியும்."