மொட்டைமாடி வில்லன்கள்

"நம்ம மூணு பேர்ல யாரைக் கீழ தள்ளுறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க. போலீஸ் வந்துரும்," என்றான் அமிலக்கையன்.

வானத்தை முட்டும் கட்டடத்தின் மொட்டைமாடி. கீழே ஊரே எரிந்துகொண்டிருந்தது. இடியம்மா தன் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "என்னைத் தள்ளிராதீங்கப்பா. வீட்டுல சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான்."

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் அக்கா," என்றான் பனிப்பல்லன். பேசும்போதே வாயிலிருந்து ஐஸ் கட்டி உதிர்ந்தது. நாலாவது ஆளான சாம்பலார் மட்டும் வாயே திறக்காமல் ஓரமாக நின்றார்.

ஊர் எரிந்தது திரையில்தான். படக்கதைப் புத்தகத்து வில்லன்கள் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சண்டை போடுகிற வீடியோ கேம் அது. சீக்கிரம் வெளிவரப் போகிறது. அதை நாள் முழுக்க விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் இந்த மூன்று பேருக்கும் வேலை. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு போகும், இவர்களுக்குக் கட்டைவிரல் போகும். மற்றபடி இரண்டும் கூலி வேலைதான்.

இடியம்மாவை ஆட்டுவிப்பவள் எல்லாருக்கும் மூத்தவளான அக்கா. அமிலக்கையனை ஆட்டுவிப்பவன் சோடாப்புட்டி. பனிப்பல்லனை ஆட்டுவிப்பவன், கல்யாணம் நிச்சயமானதிலிருந்து பெயரை இழந்துவிட்ட மாப்பிள்ளை. நாலாவது நாற்காலிக்கு ஆள் கிடையாது. சாம்பலாரைக் கம்ப்யூட்டரே நடத்திக்கொள்ளும்.

நேற்றுதான் மேனேஜர் மூவரையும் நிற்க வைத்துப் பேசினார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம். அதனால உங்கள்ல ஒருத்தர் வேலைய விட்டுப் போகணும். யாருன்னு நீங்களே அன்பாப் பேசி முடிவு பண்ணி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க." சொன்னபோது அவர் தலைக்கு மேலே சுவரில், 'கைகோத்தால் வெற்றி' என்ற அந்தக் கேமின் விளம்பரம் மினுமினுத்தது. நாலு வில்லன்களை உட்கார்ந்து யோசித்து உருவாக்கியவர்களுக்கு இப்படி ஒருவரைப் படைக்கத் தோன்றவில்லை, பாவம்.

இந்தப் பேச்சை வைத்துக்கொள்ள அந்த மொட்டைமாடியை விட்டால் வேறு இடமும் இல்லை. மேனேஜரின் கண்ணாடி அறை நேர் எதிரே இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேசினால் அரட்டை. மாட்டிக்கொண்டு பேசினால் வேலை. ஆகவே மூவரும் வேலை செய்தார்கள்.

திடீரென்று ஹெலிகாப்டர் வந்து சுட, இடியம்மா சுருண்டு விழுந்தாள். விழுந்த கூட்டாளிக்கு இன்னொருவர் ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும், அதுதான் இந்தக் கேமின் பெருமை. சாம்பலார் தண்ணீர்த் தொட்டியை ஒரே தாவலில் தாண்டி வந்து அவளை எழுப்பிவிட்டார்.

"அடேயப்பா!" என்றான் மாப்பிள்ளை. "இத்தனை நாளா அந்தத் தொட்டியில முட்டிக்கிட்டே நிப்பாரே, சரி பண்ணிட்டாங்களா?"

"யாரு பண்ணுவா? சாம்பலாருக்கு புரோகிராம் எழுதினவரைத்தான் போன வாரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே," என்றான் சோடாப்புட்டி.

"போறப்ப பண்ணிட்டுப் போயிருப்பாரு. நல்ல மனுஷன்," என்றாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தப்பைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, சரியாக நடக்கிற பக்கம் கண்ணே போகாது.

சோடாப்புட்டி குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு சொல்றேன். யாரும் யாரையும் தள்ள வேணாம். மூணு பேரும் சேந்தே கிளம்பிருவோம். நாம சரின்னு சொல்லாம இந்தக் கேமை வெளிய விட முடியாது. தன்னால கூப்பிடுவானுங்க."

"கூப்பிடலைன்னா?" என்றாள் அக்கா.

"கூப்பிடலைன்னா மூணு பேருக்கும் போகட்டும். ஒருத்தரைத் தள்ளிவிட்டுட்டு மத்த ரெண்டு பேரும் இங்க உக்காந்து எப்படிக்கா சோறு திங்கிறது?"

அக்கா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். திரையில் இடியம்மா சும்மா நின்று மூச்சு வாங்கினாள். "புள்ளைங்க ஃபீஸை நினைச்சாத்தான் பயமா இருக்கு. சரி, ஆனது ஆகட்டும். மூணு பேரும்."

"எங்க மாமனார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றான் மாப்பிள்ளை.

"வில்லன் வேலைய விட்டுட்டேன்னு சொல்லு. சந்தோஷப்படுவாரு," என்றான் சோடாப்புட்டி.

மாப்பிள்ளைக்குச் சிரிப்போடு தைரியமும் வந்துவிட்டது. "விஷயம் தெரிஞ்சதும் மேனேஜர் மூஞ்சியப் பாக்கணுமே! ஒரே குடும்பமாம்! அந்தாளு வீட்டு நாய்கூட அதை நம்பாது."

ஹெட்போனில், நாலாவதாக ஒருவர் தொண்டையைச் செருமினார்.

மூவரின் விரலும் அப்படியே நின்றது. சாம்பலார் மெதுவாகத் திரும்பி அவர்களைப் பார்த்தார். அக்கா திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அறையில் மேனேஜர் தலையில் ஹெட்போனும் கையில் கன்ட்ரோலருமாக உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை பதறிப்போய்ச் சாம்பலாரைச் சுட்டான். இந்தக் கேமில் சொந்தக் கூட்டாளியைச் சுட்டால் குண்டு பாயாது. அது எவ்வளவு பெரிய குறை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார்... சும்மா விளையாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தோம் சார்," என்று இழுத்தாள் அக்கா.

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுப்பது ஹெட்போனில் கேட்டது.

"கிளம்புறது மூணு பேர் இல்லம்மா, நாலு. என்னைக் காலையிலேயே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க."