பத்து மணி வரைக்கும்

கிரெனடா தீவின் படகுத்துறையில் காலை வெயில் பாய்மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆர்லீனும் அவள் கணவன் எல்ரிக்கும் விற்றுவிட்ட படகை எடுத்துக்கொள்ள, வாங்கியவர் பத்து மணிக்கு வந்துவிடுவார். எந்தத் தீவில் நுழைந்தாலும் அந்த நாட்டுக் கொடியை ஏற்ற வேண்டும். இந்தப் படகில் தீவு தீவாகச் சுற்றிய பதினெட்டு வருடமாக ஆர்லீன் கையால் தைத்த கொடிகள் உப்புக்காற்றில் வெளுத்துப்போய் அவள் மடியில் கிடக்கின்றன. நடுவில் இருக்கவேண்டிய கிளி கோழி மாதிரி வந்துவிட்ட டொமினிக்கா தீவின் கொடியை எல்ரிக் உருவி எடுக்கிறான். "இந்தக் கோழியப் பாத்துட்டு அந்த ஊர் கஸ்டம்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரே!" "ஆடுற படகுல உக்காந்து நீ தைச்சுப் பாரு, தெரியும்." முழங்கால் வலியோடு எழுந்து அவன் கயிற்றை இழுக்கிறான். கோழிக் கொடி மேலே போய்ப் படபடக்கிறது. "ஐயோ, இது கிரெனடா! வேற நாட்டுக் கொடிய ஏத்தினா சத்தம் போடுவாங்க." "பத்து மணி வரைக்கும் இந்தப் படகு நம்ம நாடு," என்கிறான். அவள் கயிற்று நுனியை வாங்கி, அவிழாதபடி முடிச்சுப் போடுகிறாள்.