வெயிலில் வைத்த செடி

"இதே செடிதான் வேணும். பக்கத்துல வெச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியக் கூடாது" என்று போனை நீட்டினாள் அவள். பழைய படம். ஹால் மூலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்க, பக்கத்து அலமாரியின் மேல் தொட்டியிலிருந்து இரண்டு கொடிகள் தொங்கின.

"யாரும்மா இது, உங்க அக்காவா?" என்று கேட்டாள் நர்சரிக்கார அம்மாள்.

"ஆமா" என்று சொல்லிவைத்தாள். கணவனின் முதல் மனைவியை வேறு எப்படிச் சொல்வதாம்?

அந்த அக்கா போய் மூன்று வருடம். இவள் அந்த வீட்டில் காலெடுத்து வைத்து எட்டு மாதம். வீட்டிலிருந்த அக்காவின் பதிமூன்று வயதுப் பெண் இவளிடம் முழுசாகப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் முதல் நாளே: "அந்தச் செடிய மட்டும் தொடாதீங்க." அதற்கப்புறம் எல்லாம் 'ம்', 'வேணாம்' என்பதோடு சரி.

இவளும் தொடாமல்தான் இருந்தாள். போன திங்கட்கிழமை பெண் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பிப் போனதும் கை சும்மா இருந்தால்தானே? இருட்டு மூலையில் கிடந்து ஏங்குகிறதே, நாலு நாள் வெயில் காட்டித் தளதளவென்று ஆக்கிவைத்தால் திரும்பி வந்ததும் ஒரு தடவையாவது சிரிக்கமாட்டாளா என்று ஒரு நப்பாசை. தொட்டியைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் வெந்து, தண்டு கறுத்துப்போய்விட்டது. பதறிப்போய்ப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டாள். கணவர் எதையும் கவனிக்கவில்லை. ஹாலில் யானை வந்து நின்றாலும், ஒதுங்கிப் போய் டீ கேட்கிற ரகம் அவர்.

இன்று சாயந்திரம் பெண் வருகிறாள். இருக்கிற அந்த 'ம்' கூட இன்றோடு போய்விடும்.

நர்சரிக்கார அம்மாள் இரண்டு தொட்டிகளை எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் நிழலில் வளர்கிறவை, ஜன்னல் வெளிச்சமே போதும், நேர் வெயில்தான் இரண்டுக்கும் எமன் என்றாள். வெயில் என்றதும் இவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்று மணி பிளான்ட். இலை தடிப்பு, காம்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். மற்றதற்கு இலை மெல்லிசு, காம்பு உருண்டை.

"இது பிலோடென்ட்ரான். பேரு வாயில நுழையாதுன்னு எல்லாத்தையும் மணி பிளான்ட்டுன்னே சொல்லிடுவாங்க. உங்க படத்துல இருக்கிறது இந்த மெல்லிசுதாம்மா, நல்லாத் தெரியுது."

இவள் இரண்டு இலைகளையும் விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஜவுளிக்கடைக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுப்பவள். கண்ணை மூடிக்கொண்டே துணியின் கனத்தைச் சொல்லிவிடும் விரல்கள். மாடிக்குத் தூக்கிப் போனபோது உரசிய இலை தடிப்பாக இருந்ததாக அந்த விரல்கள் சொல்லின. பழைய செடியாச்சே, இலை முற்றித் தடித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படம் பொய் சொல்லுமா?

மெல்லிசு இலைச் செடியையே வாங்கிவந்து அதே தொட்டியில் நட்டாள். இரண்டு கொடிகளையும் படத்தில் இருந்த மாதிரியே தொங்கவிட்டு, போனை வைத்து மூன்று தடவை சரிபார்த்தாள்.

ஐந்து மணிக்குப் பெண் வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை, நேராகச் செடியிடம்தான் போனாள். ஓர் இலையைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் குனிந்து காம்பைப் பார்த்தாள்.

"இது எங்க கெடச்சுது?"

சமையலறை வாசலில் இவள் நின்றிருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் வெயில், மாடி, குப்பை வண்டி, நர்சரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"உங்கம்மாவோட செடிய நான் கொன்னுட்டேன். திட்டணும்னா திட்டிடும்மா" என்றபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பெண் திட்டவில்லை. தொட்டியைக் கீழே இறக்கி, அதன் எதிரில் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை அழுகையை இந்தச் சின்ன உடம்பில் எங்கே வைத்திருந்தாளோ!

"நீங்க தூக்கிப் போட்டது அம்மாவோடது இல்ல. நான் வாங்கி வெச்சது. அது வேற செடின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

இவள் மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியானால் அம்மாவின் செடி என்னவாயிற்று என்று கேட்டாள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து செடியின் ஞாபகமே யாருக்கும் வரவில்லையாம். தண்ணீர் ஊற்ற வேண்டியது பெண்ணின் வேலை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அது சருகாகக் கிடந்திருக்கிறது. அம்மாவோ தினமும் முதலில் விசாரித்தது அந்தச் செடியைத்தான்.

பெண் இவள் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா கேட்டப்போகூட, புது இலை விட்டிருக்கு அம்மான்னுதான் சொன்னேன்."